மருந்துக்கடையா, மருந்து ஆலையா?

இந்தியாவில் பி.ஃபார்ம் என்னும் மருந்தாக்கவியல் இளநிலைப் பட்டம் முடித்தோர் பலர் தயங்கி நிற்கும் இடம் இது.

முதலீடு: சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம், குளிர்பதனப் பெட்டி, மருந்து விற்பதற்கான 20, 21 ஆம் படிவ உரிமங்கள், சரக்குக்கான பணம் ஆகியவை வேண்டும், ஆலை வேலைக்குப் பட்டமே போதும்.

வருவாய்: விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளில் சில்லறை வணிகருக்கு 2013 ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை 16 விழுக்காடு லாபமே கணக்கிடுவதாலும், காலாவதியாகும் சரக்கு அதையும் அரிப்பதாலும், தொடக்கத்தில் கடை கையைக் கடிக்கக்கூடும். ஆலைச் சம்பளம் சிறிதெனினும் மாதந்தோறும் வந்துவிடும்.

வளர்ச்சி: உற்பத்தியில் 18 மாத அனுபவம் பெற்ற பட்டதாரி, அதனை மேற்பார்வையிடும் தகுதியை விதிப்படி அடைகிறார்.

கைமுதலும் ஊர்ப்பிடிப்பும் உள்ளவருக்குக் கடை பொருந்தும். இரவுப்பணிக்கு அஞ்சாதவர் ஆலைக்குச் செல்லலாம். மருந்தாளுநர் பதிவுச் சான்றிதழைப் பிறர் கடைக்கு வாடகைக்கு விடுவதை மூன்றாவது வழியாகக் கருத வேண்டாம். அது பதிவையே இழக்கச் செய்யக்கூடும்.