தூக்கிய ஃபார்ச்சூனருக்கு எந்த ரிம்: +30 ஆஃப்செட்டா, பூஜ்யமா?

ஃபார்ச்சூனரை 2 அங்குலம் தூக்கி 265/70 R17 டயர் போட முடிவு செய்தால் அடுத்த கேள்வி ரிம். ஆஃப்செட் என்பது ரிம் ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது; எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். கம்பெனி ரிம்மின் +30 ஆஃப்செட்டிலேயே இருப்பதா, 17x8 அளவில் (17 அங்குல விட்டம், 8 அங்குல அகலம்) பூஜ்ய ஆஃப்செட்டுக்குப் போவதா? நான் +30-லேயே நின்றுவிட்டேன். என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும், தெரிந்தே படியுங்கள்.

தோற்றத்தில் பூஜ்யம்தான் ஜெயிக்கும். ஏழரை அங்குல அகலமுள்ள கம்பெனி ரிம்மோடு ஒப்பிட்டால் வெளி ஓரம் பக்கத்துக்கு 36 மி.மீ. தள்ளி வரும். உள்ளே அப்பர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷனின் மேல் கை) பக்கம் 24 மி.மீ. இடம் கிடைக்கும். ஆனால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் பெரிய வட்டம் போட்டு பம்பர் ஓரத்திலும் மட்கார்டிலும் உரசப் பார்க்கும்.

இதெல்லாம் சமாளிக்கலாம். எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு.

வண்டியைத் தூக்கினாலே கீழ் ஆர்ம் சரிந்து காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) குறையும், கேம்பரும் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) நகரும். இது லிஃப்ட்டின் வேலை. எந்த ரிம் போட்டாலும் நடக்கும். இந்தக் கோணங்களைத் திருத்தும் கேம் போல்ட்டில் சரிக்கட்ட முடியாவிட்டால் வேறு அப்பர் ஆர்ம் போட வேண்டும். ஆஃப்செட்டோ இந்தக் கோணங்கள் எதையும் மாற்றாது. அலைன்மென்ட் மெஷினில் இரண்டு ரிம்முக்கும் ஒரே ரீடிங்தான் வரும். சிக்கல் வண்டி ஓடும்போதுதான். ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம், அதாவது ஸ்க்ரப் ரேடியஸ், பூஜ்ய ஆஃப்செட்டில் அப்படியே 30 மி.மீ. கூடிவிடும். பெரிய டயர் போட்டால் அது கொஞ்சம் குறையும் என்பது உண்மை. அச்சின் சாய்வு 12 டிகிரி என்று வைத்தால், டயரின் ஆரம் 13 மி.மீ. கூடுவதால் திரும்பக் கிடைப்பது 3 மி.மீ.கூட இல்லை.

அந்த நெம்புகோல் நீளத்தால் ஒவ்வொரு பள்ளமும் பிரேக்கும் சக்கரத்தின் முன்பக்கத்தை வெளியே இழுக்கும். ஆர்ம்களின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் விட்டுக்கொடுக்கும், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) வெளியே போகும். மெஷினில் எல்லாம் பச்சையாகக் காட்டியிருக்கும், ஆனால் டயரின் உள் ஓரம் தேயும். உள்ளங்கையை டயர் மேல் குறுக்கே தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போல் பிடித்தால் டோ சரியில்லை. அப்புறம் வீல் பேரிங், ஆர்ம் முனையில் உள்ள பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் மூன்றுக்கும் சுமை கூடுதல். ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் முதல் இரண்டின் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் ஆட்டினால் டை ராட்.

பக்கச் சரிவில் அகலமான வண்டி நன்றாக நிற்கும் என்பது பூஜ்யத்துக்காரர்களின் வாதம். நியாயமானதுதான். கடும் சரிவுகளில் நான் அதிகம் ஓட்டியதில்லை, அதனால் மறுக்க மாட்டேன். அகலம் வேண்டியே ஆக வேண்டும் என்றால் 17x8-இல் +20 பாருங்கள். வெளியே 16 மி.மீ. மட்டும் வரும்.

புது ரிம் எதற்கு, கம்பெனி ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் 30 மி.மீ. ஸ்பேசர் போதுமே என்பார்கள். கணக்கில் அதுவும் பூஜ்ய ஆஃப்செட்தான். இறுக்கிப் பார்க்க இன்னொரு செட் நட்டு வேறு சேரும்.