மார்பக ஆபரேஷனுக்கு 'ரெக்கவரி கிட்' வாங்கப் போறீங்களா? 7,850 ரூபாய் போச்சு, இதைப் படிச்சுட்டுப் பணம் அனுப்புங்க

மார்பக ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வர்றவங்க வலியில்லாமப் படுத்துத் தூங்கன்னு ஒரு 'ரெக்கவரி கிட்' இன்ஸ்டாகிராம்ல சுத்திக்கிட்டு இருக்கு. சாய்வுத் தலையணை ஒண்ணு, அக்குளுக்கு ஒண்ணு, கார் சீட் பெல்ட்டுக்கு ஒண்ணு, முன்பக்கம் திறக்கிற நைட்டி ரெண்டு. மொத்தம் 7,850 ரூபாய். தங்கச்சிமடத்துல எங்க அண்ணிக்கு ஆர்டர் போட்டது போன வாரம் வந்துச்சு. இன்னிக்குக் காலையில என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. அந்தச் சூட்டோடதான் எழுதுறேன். கடைப் பேர் போடல, போட்டா அதுக்கும் கேஸுன்னு வருவாங்க. தெருவுல கடை கிடையாது, இன்ஸ்டாகிராம் பேஜ்ல படம் போட்டு வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்கிற ரகம். இந்த அடையாளம் போதும்.

ஆஸ்பத்திரி வார்டு தெரிஞ்ச ஆளே ஏன் நம்புனேன்னு கேப்பீங்க. ஆர்டர் எடுத்த பொண்ணு கேட்ட கேள்வி அப்படி. "அண்ணிக்கு எந்தப் பக்கம் ஆபரேஷன்? அக்குள் நெறிக்கட்டியும் எடுக்குறாங்களா? டிரெயின் குழாய் ஒண்ணா ரெண்டா? கட்டில்ல படுப்பாங்களா, தரையிலயா?" (டிரெயின்னா காயத்துக்குள்ள ஊறுற திரவத்தை வெளிய ஒரு டப்பாவுக்கு இறக்குற குழாய்.) ஒவ்வொண்ணும் சரியான கேள்வி. பாதி டிஸ்சார்ஜ் சீட்டுல கூட இவ்வளவு விவரம் இருக்காது. "எங்க அம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான்கா, அவங்களுக்குத் தச்சதுல இருந்துதான் இதை ஆரம்பிச்சேன்"னு வாய்ஸ் மெசேஜ் வேற. அந்தக் குரலைக் கேட்டா யாரும் ஜிபே பண்ணிருவாங்க. ஆபரேஷன் செலவை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பார்த்துக்கிச்சு. இந்த 7,850 கையில இருந்து போன காசு.

விளம்பரத்துல இருந்தது: சாய்வு நீளம் 24 அங்குலம், உயரம் 12, அகலம் 24, ஃபோம் 40 டென்சிட்டி, காட்டன் உறை. வந்தது, உருளையா அமுக்கி பிளாஸ்டிக்ல சுத்துன ஒரு ரெக்சின் மூட்டை. பிரிச்சா 12 அங்குலம் எழும்பி நிக்குது, அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆள் சாஞ்சா முதுகு கட்டில் பலகையில போய் இடிக்குது. உறையைக் கழட்டிட்டு மீன் எடை போடுற டிஜிட்டல் தராசுல வச்சேன். 880 கிராம்! 40 டென்சிட்டின்னா ஒரு கனமீட்டர் ஃபோம் 40 கிலோ இருக்கணும். இந்த அளவு முக்கோணத்துக்குக் கணக்குப் போட்டா ரெண்டு கிலோகிட்ட வரும். 880 கிராம்னா அது 18 டென்சிட்டி, மலிவு சோபாவுக்கு முதுகுல அடைக்கிற சரக்கு.

இதுல என்ன பெருசா ஆகிடப் போகுதுன்னு நினைக்காதீங்க. ஆபரேஷன் ஆனவங்க முதல் சில வாரம் மல்லாக்கத்தான் படுக்கணும், உடம்பு 30-ல இருந்து 45 டிகிரி வரைக்கும் நிமிர்ந்து இருந்தா தையல்ல இழுவை குறையும், எந்திரிக்கிறதும் லேசு. 24-க்கு 12 அளவு சரியா 30 டிகிரி தரும். ஃபோம் அமுங்கிட்டா அந்தச் சாய்வு போயிரும், உடம்பு மெல்லச் சறுக்கிக் கீழ போகும். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஏற, தூக்கக் கலக்கத்துல ஆபரேஷன் பண்ணுன பக்கக் கையையே ஊனுவாங்க. தையல் சுண்டி இழுக்கும், குழாயும் இழுபடும். அதுக்கு மேல ரெக்சின். நம்ம பாம்பன் பக்கத்து உப்புக்காத்துப் புழுக்கத்துல ஒரு மணி நேரத்துல முதுகு நனைஞ்சிருது, பிளாஸ்டர் ஓரம் பிரிஞ்சு தோல் சிவந்துருது.

நைட்டி கதை இன்னும் மோசம். டிரெயின் டப்பாவை வைக்கிற பையை உள்பக்கம் நெஞ்சு உயரத்துல தச்சிருக்காங்க! துருத்தி மாதிரி அமுங்குற அந்த டப்பா எப்பவும் காயத்துக்குக் கீழதான் தொங்கணும், இடுப்புக்கிட்ட. மேல வச்சா குழாய் மடங்கும், திரவம் இறங்காம உள்ளயே தேங்கும். பையோட வாயும் சின்னது, டப்பா நுழையவே இல்ல. ஜிப் நெஞ்சோட நின்னுருது, அப்போ தலை வழியாத்தான் போடணும், கையைத் தூக்க முடியாதவங்க எப்படிப் போடுவாங்க? அம்மாவுக்குத் தச்சதாம். அக்குள் தலையணை கல்லு மாதிரி அடைச்சது, கையை உடம்புல இருந்து தள்ளி நிறுத்துது. அது கை பாரத்தைத் தாங்குற அளவுக்கு மெத்துன்னு இருந்தாப் போதும். சீட் பெல்ட் துண்டோட வெல்க்ரோ மதுரையில இருந்து வர்ற வழியிலயே பிச்சுக்கிச்சு.

அப்புறம் ஆரம்பிச்சது இழுத்தடிப்பு. முதல்ல "72 மணி நேரம் காத்துல வைங்க, ஃபோம் செட் ஆகும்"னாங்க. வச்சோம். பிறகு "பேஷண்ட் வெயிட் என்ன? ஓ, அதான் அமுங்குது"ன்னாங்க. தராசு போட்டோவை அனுப்புனதும் அக்கா மேடமாயிட்டேன். "ஹைஜீன் பொருள் மேடம், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கான்னு கேட்டாங்க, இருந்துச்சு, அனுப்புனேன். "உங்க பின்கோடுக்கு கொரியர் பிக்கப் இல்ல." கொண்டு வந்து போட மட்டும் கொரியர் பாலம் தாண்டி வரும், திருப்பி எடுக்க வராதாம்! கடைசியா "டீம்கிட்ட சொல்லிருக்கேன்"னு ஒரு கும்புடு பொம்மை. 7,850 ரூபாய்க்கு ஒரு கும்புடு.

வாங்குறப்ப என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன். அண்ணிக்கு டிரெயின் அளக்கிற நேரம் வந்துருச்சு, அவசரத்துக்கு இவ்வளவுதான்.

சாய்வுத் தலையணைக்கு ஃபோமை மெத்தைக் கடையில வெட்டித் தரச் சொல்லுங்க. 40 டென்சிட்டி, சாய்வு நீளமும் உயரமும் அதே 24, 12, அகலம் மட்டும் 30 அங்குலம், கை தொங்காது. கண் முன்னாடி எடை போடச் சொன்னா ரெண்டரை கிலோகிட்ட வரணும். வெளுத்த பருத்திச் சேலையில உறை ரெண்டு தச்சுக்கங்க. அக்குளுக்கு இலவம்பஞ்சைத் தளரப் போட்டாப் போதும். முழங்காலுக்கு அடியில ஒரு தலையணை, சறுக்காது. கயித்துக் கட்டில் வேணாம், நடுவுல தொங்கும், சாய்வுத் தலையணை நிக்காது. தரையில பாயும் வேணாம், எந்திரிக்க ரெண்டு கையும் ஊனணும். கட்டில்ல நல்ல பக்கமா ஒருக்களிச்சு, காலைத் தொங்கப் போட்டு எந்திரிக்கச் சொல்லுங்க. நைட்டிக்குப் பதிலா வீட்டு ஆம்பளைங்களோட பழைய தொளதொள சட்டை, இடுப்புக்கிட்ட வெளிப்பக்கம் பை தச்சு.

கடைப் பேர் ஒண்ணு, ஜிபேல வர்ற பேர் வேற ஒண்ணுன்னா அனுப்பாதீங்க. 1915-ங்கிற நுகர்வோர் உதவி நம்பருக்குப் போன் பண்ணிப் புகார் போட்டுட்டேன். ஆன்லைன்ல விக்கிறவங்க 48 மணி நேரத்துக்குள்ள புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும்னு 2020 விதியே இருக்கு. மசியலைன்னா ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப்ல பேசுன மெசேஜ் எதையும் அழிக்காதீங்க.

முக்கியமானது ஒண்ணு: டிரெயின்ல திடீர்னு ரத்தமா வந்தாலோ, காயம் பொம்முனு வீங்குனாலோ, காய்ச்சல் அடிச்சாலோ உடனே டாக்டருக்குப் போன் போடுங்க.