பிள்ளை மடுவத்து ஆயம்மாக்களுக்கு 'லைவ்' முதலுதவிப் பயிற்சி என்று காசு கேட்டால் கவனம்

தோட்டத்துப் பிள்ளை மடுவங்களிலும் (அம்மாமார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) முன்பள்ளிகளிலும் வேலை செய்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். சூம் வழியாக முதலுதவிப் பயிற்சி, முடித்தால் சான்றிதழ் என்று சொல்லி வட்ஸ்அப் குழுக்களில் ஆள் சேர்க்கிறார்கள். நாங்கள் காசு கட்டி ஏமாந்துவிட்டோம்.

பொகவந்தலாவ, மஸ்கெலியா, தலவாக்கலை, பசறை என்று ஆளுக்கொரு பக்கம் வேலை செய்கிறோம். பசறையிலிருந்து ஹட்டனுக்கு வகுப்புக்கு வந்து போவது லேசான காரியமில்லை. அன்றைக்கு மடுவத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது? அதனால் இருந்த இடத்திலிருந்தே எல்லோரும் சேர்ந்து படிக்கலாம் என்றதும் நல்ல விஷயமாகப் பட்டது. வளவாளர் (பயிற்சி தருகிறவர்) நேரடியாக வருவார், தமிழில் சொல்லித் தருவார், நாங்கள் செய்து காட்டுவதைப் பார்த்துத் திருத்துவார் என்றார்கள். ஆளுக்கு 6,500 ரூபாய். சீட்டுக்கு வைத்திருந்த காசை எடுத்துக் கட்டிய ஆயம்மாக்களும் இருக்கிறார்கள்.

வகுப்பு நடந்தது இலவசக் கணக்கில். சூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக அறுந்துவிடும், 100 பேருக்கு மேல் உள்ளே போகவும் முடியாது. இவர்களோ பல ஊர்க் குழுக்களை ஒரே லிங்கில் அடைத்திருந்தார்கள். ரீலோட் போட்டுக்கொண்டு, சிக்னல் பிடிக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் நின்ற ஆயம்மாக்களுக்கு உள்ளே இடமே கிடைக்கவில்லை. கட்டிய காசு ஒரு பக்கம், போன டேட்டா இன்னொரு பக்கம்.

அதைக்கூடப் பொறுத்திருக்கலாம். எங்கள் மடுவத்தில் பால்மா டின்னில் போனைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு பொம்மையையும் வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தோம். தொண்டையில் ஏதாவது அடைத்தால் பின்னால் நின்று வயிற்றை எப்படி அழுத்துவது என்று திரையில் வளவாளர் காட்டினார். "ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கும் இப்படித்தானா சேர்?" என்று ஒரு அக்கா எழுதிக் கேட்டார். பதில் இல்லை. திரும்பவும் எழுதினார். திரையில் இருந்தவர் கொஞ்சம் நிறுத்தி, பக்கவாட்டில் பார்த்து, "நல்ல கேள்வி கேட்டீங்க" என்று சொல்லிவிட்டு, மூக்கில் இரத்தம் வந்தால் என்ன செய்வது என்று விளக்க ஆரம்பித்தார். அதை எங்களில் யாருமே கேட்கவில்லை. எப்போதோ யாருக்கோ எடுத்த வகுப்பின் வீடியோவை ஓடவிட்டிருக்கிறார்கள். அப்புறம் 40 நிமிடம் முடிந்து அதுவும் அறுந்துபோனது.

அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் இதுதான்: ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, ஈரல் போன்ற உள்ளுறுப்புகளுக்குச் சேதம் வரலாம். முகம் கீழே பார்க்க முன்கையில் படுக்க வைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. அடைப்பு போகவில்லையென்றால் திருப்பிப் படுக்க வைத்து நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. அடைத்தது வெளியே வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும், கூடவே ஒருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தையை எங்கள் கையில்தான் கொடுத்துவிட்டுப் போகிறாள். அம்புலன்ஸ் தோட்டத்துப் பாதையில் ஏறி வரும்வரை குழந்தையின் மூச்சு காத்திருக்காது. இப்படிப்பட்ட பாடத்தைக் கேள்வி கேட்க வழியில்லாமல் விற்றதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன் பண்ணிக் கேட்டால், "மிஸ், உங்க பக்கம் சிக்னல் சரியில்ல, அதான் அப்படித் தெரிஞ்சிருக்கு" என்றார்கள். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்திலா? கடைசியில் சான்றிதழ் என்று போனுக்கு ஒரு படம் வந்தது. என்.வி.கியூ.வுக்கு (தேசிய தொழில் தகைமைக்கு) சமமாம். என்.வி.கியூ. என்பது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வருவது. மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டாமல் அது யாருக்கும் கிடைக்காது. ஒரு நிறுவனம் அங்கே பதிவு செய்திருக்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேட்டுப் பார்க்கலாம்.

வீடியோவில் படிப்பதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. தூரத்தில் இருக்கிற எங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் சிறிய குழுவாக இருக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் முதலுதவியை ஏற்கெனவே பழகிய ஒருவர் கூட இருக்க வேண்டும், கெமரா எங்கள் கைகளைப் பார்க்க வேண்டும், வளவாளர் அதைப் பார்த்து "இல்லை, இன்னும் கீழே" என்று சொல்ல வேண்டும். காசு கட்டுவதற்கு முன்பே வளவாளரோடு பத்து நிமிடம் நேரலையில் பேச லிங்க் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். கையால் பழக வேண்டியதை நேரில் படிக்க நினைத்தால் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் விசாரியுங்கள்.

அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் பதுளைப் பக்கம் ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். ஏற்கெனவே கட்டியிருந்தால் வங்கிப் பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். நாங்களும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.