சமயத் தளங்களின் எழுத்து: ஏழு வருட அனுபவம்

அப்பாவுக்குப் பார்வை மங்கி ஏழு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பல சமய அமைப்புகளின் இணையதளங்களைத் திறந்து, போனில் உள்ள திரைவாசிப்பானை (திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் செயலி) வைத்து அவரைக் கேட்க வைக்கிறேன். சொல்ல வருகிற விஷயங்கள் நல்லவைதான். எழுத்துதான் படுத்துகிறது.

ஒரு தளத்தின் முகப்பில் ‘இறை தேடி வருவோரே’ என்று இருக்க வேண்டியது, ‘இரை தேடி வருவோரே’ என்று இருந்தது. காதால் கேட்ட அப்பாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. திரையைப் பார்த்த எனக்குச் சுருக்கென்றது. இன்னொன்றில் கட்டுரை நெடுக அறம் ‘அரம்’ ஆகியிருந்தது.

அப்புறம் வாக்கியங்கள். மேடைப் பேச்சை அப்படியே தட்டச்சு செய்து ஏற்றிவிடுகிறார்கள். எழுவாய் ஓரிடத்தில், பயனிலை பத்து வரி தள்ளி. பேசும்போது குரலின் ஏற்ற இறக்கம் அதைத் தாங்கிப் பிடிக்கும்; எழுத்தில் தாங்க ஆளில்லை. ‘பெரியவர் சொன்னதில் கை வைக்கலாமா’ என்ற தயக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும். முற்றுப்புள்ளி வைப்பதில் என்ன மரியாதைக் குறைவு?

‘வரும் ஞாயிறு மாலை கூட்டுப் பிரார்த்தனை’ என்று ஓர் அறிவிப்பு. எந்த ஞாயிறு? போன் செய்து கேட்டால், அது போன வருடத்தது. பாதி அறிவிப்புகள் வெறும் படங்கள். திரைவாசிப்பான் ‘படம்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். படத்துக்கு மாற்றாக எழுத்தும் வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும், 1999-இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டுதலிலேயே முதல் விதி.

இவ்வளவு ஆதங்கம் ஏனென்றால், சொல்லைக் காப்பதில் சமயங்களை மிஞ்ச ஆளில்லை. எபிரேய வேதத்தைப் படியெடுத்த மசோரெத்துகள் என்ற யூத அறிஞர்கள் எழுத்துகளைக்கூட எண்ணிச் சரிபார்த்தார்கள். வேதம் ஓதியவர்கள் ஒரு சொல்லும் பிசகாமல் இருக்க, பதபாடம், கிரமபாடம், கனபாடம் என்று சொற்களைப் பிரித்தும் கோத்தும் ஓதினார்கள். அந்த அக்கறையில் கொஞ்சம் முகப்புப் பக்கத்துக்கும் வரக்கூடாதா?

நன்றாகச் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2865 பத்திகளுக்கும் எண் உண்டு. ‘நேற்று 27-இல் விட்டோம்’ என்று அப்பா சொன்னால் போதும், அங்கிருந்து தொடரலாம். கேட்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த ‘இரை’ தளத்துக்கு மெயில் அனுப்பினேன். மறுநாளே திருத்திவிட்டு, வேறு பிழை இருந்தாலும் சொல்லுங்கள் என்று பதில் போட்டார்கள். இதுவரை பதினோரு பக்கங்களுக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறேன், எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள். அறிவிப்புகளில் தேதி போடுவது மட்டும் இன்னும் பாக்கி.