குழந்தை உளச்சிகிச்சைக்கு எந்த மேற்படிப்பு? குமரி மாவட்டத்திலிருந்து ஓர் ஒப்பீடு

மே மாதம் பட்டப்படிப்பு முடிவுகள் வெளியானதும், மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கங்களிலிருந்து உளவியலோ சமூகப்பணியோ முடித்த பிள்ளைகள் மூன்று நான்கு பேராவது என்னைத் தேடி வந்து, குழந்தைகளுக்கான சைக்கோதெரபிஸ்ட் ஆவதற்கு அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்தியாவில் அந்தப் பெயரில் தனி உரிமம் கிடையாது என்பதால், ஆளுக்கு ஒரு வழி சொல்லி அவர்களைக் குழப்பியிருப்பார்கள். கவுன்சலிங் உளவியலில் எம்.எஸ்சி., கிளினிக்கல் சைக்காலஜி எனப்படும் மருத்துவ உளவியல், எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை வழியாக மனநலச் சமூகப்பணி, பணவசதி உள்ள வீடென்றால் இங்கிலாந்து என்று நான்கு வழிகள் அவர்கள் முன்னால் இருக்கின்றன. முதல் வழியில் படித்து, விளவங்கோடு வட்டத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் இவற்றை ஒப்பிடுகிறேன். என் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை.

கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். படிக்கும் காலத்தில் ஒரே குழந்தையோடு எத்தனை மாதம் தொடர்ந்து உட்கார வைக்கிறார்கள், அந்த வேலையை வாரந்தோறும் கேட்டுத் திருத்துவதற்கு ஆள் இருக்கிறாரா என்பதே அது. ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்பதற்கு, அடையாளங்களை மாற்றி, என் தவறு ஒன்றையே சொல்கிறேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குத் திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி வந்தது. "வயிறு நோவுதுண்ணு அழுவா டீச்சர், கொதி விழுந்திருக்கும்ணு ஓதியும் பார்த்தாச்சு, ஸ்கேனும் எடுத்தாச்சு" என்றார் தாய். கொதி என்பது சாப்பாட்டில் பிறர் கண் படுவதை எங்கள் பக்கம் சொல்லும் சொல். தகப்பன் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். சிறுமி ஐந்து வாரம் பிளாஸ்டிக் மிருகங்களை வரிசையாக அடுக்கிப் பெட்டியில் போட்டு மூடுவதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஆறாவது வாரம் ஒரு மாட்டை மட்டும் வெளியே வைத்து, "இது வராது" என்றாள். நான் உடனே, "அப்பாவா?" என்று கேட்டுவிட்டேன். பெட்டி மூடியது மூடியதுதான். அடுத்த மூன்று வாரம் அவள் அதைத் தொடவே இல்லை. அந்தக் கேள்வியை அடக்கிக்கொண்டு மாட்டை மட்டும் கவனிக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தும், உடனிருந்து பழக்கியவர் யாரும் இல்லாததால் என் வாய் முந்திக்கொண்டது.

எம்.எஸ்சி. வழியின் குறையும் இதுவேதான். இரண்டு ஆண்டு, ஊருக்கு அருகிலேயே படிப்பு, தாங்கக்கூடிய செலவு என்பவை அதன் நிறைகள். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் திருவனந்தபுரத்தில், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக உளவியல் துறையும், ஸ்ரீகாரியத்தில் லயோலா சமூக அறிவியல் கல்லூரியும் நம் பிள்ளைகள் எட்டிப் பிடிக்கக்கூடியவை. ஆனால் களப்பயிற்சி என்பது பல இடங்களில் பதிவேட்டை நிரப்பும் வேலையாக முடிந்துவிடுகிறது. நான் படித்த இடத்தில், ஒரு குழந்தையோடு நான் பேசுவதை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் என் பதிவேட்டின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாலையில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பட்டம் பெற்றதும் பள்ளியில் ஆலோசகராகச் சேரலாம். ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட இந்தப் பட்டம் போதாது. அஞ்சல்வழியிலும் இணையவழியிலும் படிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உளவியலை அவ்வழிகளில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் அறிவித்துவிட்டது.

கிளினிக்கல் சைக்காலஜி வேறு தளம். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் ஏறுவது இந்த வழியில்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியை உள்ளடக்கிய இரண்டாண்டு முழுநேர எம்.பில்.லைத் தகுதியாக ஏற்கிறது. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலத் துறை தனியாகவே இருப்பதால், குழந்தையோடு பெற்றோரையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் பயிற்சியின்போதே கையில் வந்துவிடும். இடங்கள் குறைவு, நுழைவுத்தேர்வு கடினம். இவற்றுக்கு மேல், படிப்பின் வடிவமே மாறிக்கொண்டிருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி எம்.பில். பட்டங்கள் நிறுத்தப்பட்டபோது, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குத் தரப்பட்டது. அதன் இடத்துக்கு முன்வைக்கப்படுபவற்றுள் சைடி எனப்படும் நான்காண்டு முனைவர் நிலைப் பட்டமும் உண்டு. ஆகவே, அக்காள் படித்த வழியிலேயே தங்கையும் போகலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிக்காமல், சேரும் ஆண்டில் அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்குக் குழுமத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று சரிபார்த்தே பணம் கட்ட வேண்டும்.

இந்த வழியைப் பற்றிப் பலரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கல் சைக்காலஜி படிப்பவர்களின் நேரத்தில் பெரும்பகுதியைச் சோதனைகள் விழுங்கிவிடும். பினே-காமத் அறிவுத்திறன் சோதனை, வடிவங்களைக் குழிகளில் பொருத்தச் சொல்லும் செகுவின் பலகை, அன்றாடத் திறன்களை அளக்கும் வைன்லேண்ட் அளவுகோல் என்று காலை முதல் மாலை வரை, மாற்றுத்திறன் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியிருக்கும். அந்த வேலை அவசியமானது, அதை ஏளனமாகப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு குழந்தையின் விளையாட்டை ஆறு மாதம் பொறுமையாகப் பின்தொடரும் பயிற்சி வேறு. உரிமம் கையில் வந்த பிறகும் அதைத் தனியாகத் தேடிப் பெற வேண்டியவர்கள்தாம் அதிகம்.

மனநலச் சமூகப்பணியை நம் மாவட்டத்தில் இரண்டாம் தரமாகப் பார்க்கிறார்கள், அது தவறு. எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு இரண்டாண்டு மருத்துவமனைப் பயிற்சி பெற்றவருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. வளைகுடாவில் தகப்பன், ரப்பர் தோட்டத்தில் தாய், வளர்ப்பது ஆச்சி என்று அமைந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசும் திறமையை இந்தப் படிப்புதான் முறையாகக் கற்றுத் தருகிறது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வீடுகளில் தேவைப்பட்டது இந்தத் திறமைதான். அறைக்குள் குழந்தையோடு தனித்துச் செய்யும் சிகிச்சை இதில் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவம் படித்துவிட்டு மனநல மேற்படிப்பு வழியாக வருவது ஐந்தாவது வழி. ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது.

இனி இங்கிலாந்து. என் அளவுகோலின்படி பார்த்தால் இதற்கு நிகராக மேலே சொன்ன எதையும் வைக்க முடியாது. 1948-இல் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் உளப்பகுப்பாய்வாளர் எஸ்தர் பிக் தொடங்கிய பழக்கம் இன்றும் அங்குள்ள குழந்தை உளச்சிகிச்சைப் பயிற்சியின் அடித்தளமாக இருக்கிறது. மாணவர் ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் என, குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை போய், அறிவுரை சொல்லாமல், அங்கே வைத்துக் குறிப்பெடுக்காமல், பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். வீடு திரும்பிய பிறகு நினைவிலிருந்து எழுதி, சிறு குழுவில் வாசித்து விவாதிக்க வேண்டும். இதன் பிறகுதான், 1949-இல் உருவான குழந்தை உளச்சிகிச்சையாளர் சங்கம் அங்கீகரித்த நான்காண்டு சிகிச்சைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே பள்ளிக்குப் போகாத வயது, பள்ளி வயது, வளரிளம் பருவம் என ஒவ்வொன்றிலும் ஒருவரை வாரம் மூன்று முறை வீதம் நீண்டகாலம் பார்த்தாக வேண்டும். மாணவரும் அந்த ஆண்டுகள் முழுவதும் வாரத்தில் பலமுறை தம்மையே உளப்பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும். என் "அப்பாவா?" கேள்வி அங்கே ஒரு வாரத்துக்கான விவாதப் பொருளாகியிருக்கும்.

ஆனாலும் நம் பிள்ளைகளை அங்கே அனுப்ப எனக்குத் தயக்கம் உண்டு. முன்படிப்பையும் சேர்த்தால் குறைந்தது ஆறு ஆண்டு ஆகும். பயிற்சி இடங்கள் அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவையின் பணியிடங்களோடு பிணைந்திருப்பதால் வெளிநாட்டவருக்குப் போட்டியோடு விசாவும் தடையாகும். திரும்பி வந்தால் அந்தத் தகுதி இங்கே தானாகவே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பதிவாக மாறாது. ஆங்கிலம் பேசும் குழந்தையின் மௌனத்தைப் படிக்கப் பழகியவர், "நோவுது" என்று சொல்லும் குழந்தையிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அங்கேயே நிலைத்துவிட எண்ணுபவருக்கு இது சிறந்த வழி. நாகர்கோவிலில் சிகிச்சை அறை திறக்க நினைப்பவருக்கு இதை நான் சொல்வதில்லை.

ஆகவே நான் சொல்லும் வரிசை இதுதான்: நுழைவுத்தேர்வில் இடம் கிடைக்குமானால் கிளினிக்கல் சைக்காலஜி, அதற்கு அடுத்தபடியாக மனநலச் சமூகப்பணி. எம்.எஸ்சி.தான் வாய்க்கும் என்றால், முடித்த பிறகு இரண்டு ஆண்டாவது மூத்தவர் ஒருவரிடம் வாராந்திர மேற்பார்வைக்குப் பணம் ஒதுக்கிவிட்டு அதில் சேரலாம். எந்த வழியானாலும், பிரசவித்து வந்திருக்கும் உறவினர் வீட்டுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, வாரம் ஒரு மணி நேரம் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்த்துவரச் சொல்கிறேன். மேற்பார்வைக்கு ஈடாகாது என்றாலும், வாயை அடக்கப் பழக்கும்.

சென்ற ஆண்டு குளச்சலிலிருந்து வந்த மாணவி, கட்டணம் கட்டுவதற்கு முன் கல்லூரி அலுவலகத்துக்கு என் முன்னாலேயே தொலைபேசியில் பேசினாள். ஒரு மாணவர் ஒரே குழந்தையை அதிகபட்சம் எத்தனை வாரம் பார்ப்பார், மேற்பார்வை தனியாகவா கூட்டமாகவா, அதைச் செய்பவர் இப்போதும் குழந்தைகளைப் பார்க்கிறாரா என்று மூன்றையும் கேட்டாள். "அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்மா, முதல்ல சீட்டைப் பிடிச்சுப் போடுங்க" என்று பதில் வந்தது. அவள் அங்கே பணம் கட்டவில்லை. இரண்டாவதாகக் கேட்ட கல்லூரியில் துறைத் தலைவரே பேசி, முதல் கேள்விக்கு இருபத்து நான்கு வாரம் என்று கணக்குச் சொன்னார்.