குன்னூரிலிருந்து கடலுண்டிக்கு ‘கடல்பறவை படகு டூர்’: பணம் அனுப்பும் முன் படிக்கவும்

குன்னூர், அருவங்காடு, கோத்தகிரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே நாளில் கடற்கரைக் கிராமம், கடலுக்குள் படகில் போய்ப் பறவை பார்ப்பது, கேரள மீன் சாப்பாடு, கூடவே பறவை நிபுணர், பைனாகுலர் இலவசம், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,850 ரூபாய். பிப்ரவரியில் எங்கள் தெருவிலிருந்து பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினோரு பேர் போனோம். நடத்துகிறவர் பெயரை இங்கே போடவில்லை, ஏனென்றால் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆனால் போஸ்டரைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும், அதில் நடுவில் பெரிதாக ஒரு பஃபின் உட்கார்ந்திருக்கும்.

பஃபின் வட அட்லாண்டிக் பறவை. ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் கடலோரப் பாறைகளில் கூடு வைப்பது. அரபிக்கடலில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. என் நாத்தனார் மகள் எட்டாம் வகுப்பு, பள்ளியில் பறவைக் குழுவில் இருக்கிறாள், சிம்ஸ் பூங்காவில் பார்த்த பறவைகளுக்குத் தனி நோட்டே வைத்திருப்பவள். போஸ்டரைப் பார்த்ததும் அந்த ஆளிடமே போனில் கேட்டுவிட்டாள். ‘அது மாதிரிப் படம்மா, இந்த மாதிரி நிறைய வரும்’ என்றார். சரி, போஸ்டர் அடிப்பவர் இணையத்தில் கிடைத்ததை ஒட்டியிருப்பார் என்று விட்டோம். ஏனென்றால் இடம் பொய்யில்லை.

கடலுண்டி உண்மையிலேயே நல்ல இடம், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. கோழிக்கோட்டுக்குத் தெற்கே, பேப்பூரைத் தாண்டி, கடலுண்டிப்புழை கடலில் சேரும் முகத்துவாரம். கடலுண்டி வள்ளிக்குன்னு சமுதாயக் காப்பகம் என்று 2007இல் அறிவித்தார்கள், கேரளத்தில் அந்த வகையில் அதுதான் முதல். அலையாத்திக் காடு, சேற்றுத்திட்டு, மணல்திட்டு எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். குளிர்காலத்தில் கடற்காகம், ஆலா, உப்புக்கொத்தி, உள்ளான் என்று வந்து குவியும். பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் மேட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு குளிருக்கு இங்கே இறங்கி வருகிறது. பிப்ரவரி நல்ல சீசன்தான். ஆக இடமும் சரி, மாதமும் சரி. நேரத்தில்தான் எங்களைக் கவிழ்த்தார்கள்.

இந்த நேர விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மலையில் இருக்கும் நமக்கு இது பழக்கமில்லாத கணக்கு. முகத்துவாரத்தில் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவே ஏறத்தாழ ஆறு மணி நேரம். தண்ணீர் வடிந்து சேறு வெளியே தெரியும்போதுதான் புழு, சிறு நண்டு தின்ன அந்தப் பறவைகள் திட்டில் இறங்கும். ஏற்றத்தின்போது திட்டு முழுகிவிடும், அவை வேறு எங்கேயாவது போய் ஒதுங்கிக்கொள்ளும். அன்றாடம் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் போன ஞாயிறு சரியாக இருந்த நேரம் இந்த ஞாயிறு உதவாது. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஏற்ற இறக்க அட்டவணை போடுகிறது, போனிலும் எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பறவை டூர் நடத்துகிறேன் என்று காசு வாங்குகிறவருக்கு இது அடிப்படைப் பாடம்.

இரவு 1 மணிக்கு குன்னூர் பெட்போர்டில் நிற்கச் சொன்னார்கள். அந்தக் குளிரில் என் அத்தை, அதாவது மாமியார், இரண்டு ஸ்வெட்டர் போட்டு கம்பளியும் சுற்றிக்கொண்டு மூடிய கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போன் போட்டால் ‘வந்துட்டே இருக்கோம்க்கா, வெலிங்டன் தாண்டியாச்சு’ என்றே பதில். வெலிங்டனிலிருந்து பெட்போர்டுக்கு நடந்தே வந்திருக்கலாம். வண்டி வந்தபோது 5 மணி தாண்டிவிட்டது. கோத்தகிரியில் இன்னொரு குடும்பத்தை ஏற்றப் போயிருக்கிறார்கள், அவர்களிடம் 4 மணி என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்! வந்த வண்டியும் வாடகைக்கு ஓட்டும் டி-போர்டு டெம்போ டிராவலர் இல்லை, சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட் வேன் (ஓன் போர்டு). கேட்டால் ‘பர்மிட் எல்லாம் இருக்குக்கா, ஏறுங்க’. நடு ரோட்டில், பாக்கிப் பணத்தையும் முன்தினமே ஜிபேயில் வாங்கிக்கொண்ட பிறகு.

ஊட்டி, கூடலூர், நாடுகாணி, அங்கிருந்து சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர், மஞ்சேரி. நேராகப் போனாலே ஆறு மணி நேரத்துக்குக் குறையாது, பிள்ளைகள் வாந்திக்கு நிறுத்தினால் இன்னும் கூடும். செக்போஸ்ட் வருவதற்கு முன்னால் டிரைவர் திரும்பிப் பார்த்து, யாராவது கேட்டால் எல்லோரும் சொந்தக்காரர்கள், கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள் என்றார். பிள்ளைகளையும் சேர்த்துத்தான். கோத்தகிரிக் குடும்பத்தை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறோம், பெயர்கூடத் தெரியாது. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும்.

கடலுண்டி போய்ச் சேரும்போது மதியம் 1 மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது, நாங்கள் ஸ்வெட்டரைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிறோம். ‘நிபுணர்’ என்று காட்டியவர் டிரைவரின் சித்தி மகன். பைனாகுலர் ஒன்றே ஒன்று, அதிலும் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்து மங்கல். படகு என்பது ஆற்றில் போகும் தோணி. கடலுக்குள் அது போகாது, போகவும் கூடாது. தோணிக்காரர் வயதானவர், நல்ல மனிதர். எங்களைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. இப்போது வேலியேற்றம் (தண்ணீர் ஏறும் நேரம்), காலை எட்டு எட்டரைக்குத் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது, அப்போது திட்டு நிறைய பறவை இருந்தது என்றார். ‘சாரே, ராவிலே வரணும்னு ஞான் போனில் பறஞ்ஞதல்லே’ (காலையிலேயே வர வேண்டும் என்று போனில் சொன்னேனே) என்று நிபுணரைப் பார்த்துச் சொன்னார். அந்தப் போன் எப்போது வந்தது என்று கேட்டோம். முன்தினம் ராத்திரி. அதுவரை படகு பேசவும் இல்லை, முன்பணம் கொடுக்கவும் இல்லை. போஸ்டரில் ‘படகு முன்பதிவு முடிந்தது, சில இருக்கைகளே பாக்கி’ என்று போட்டிருந்தார்கள்.

தோணியில் அலையாத்தி நடுவே சுற்றிக் காட்டினார். கண்டல் வேர்கள் தண்ணீருக்கு மேலே வளைந்து நிற்பதை அத்தை ரசித்துப் பார்த்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. செம்பருந்து, நீர்க்காகம், மீன்கொத்தி, கொக்கு. 2001 ஜூனில் சென்னை மெயில் கவிழ்ந்தது இந்த ஆற்றில்தான் என்று தோணிக்காரர் ரயில் பாலத்தைக் காட்டிச் சொன்னார். கடற்காகக் கூட்டம் தூரத்தில் கடல் பக்கமாக வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தது, அவ்வளவுதான். நிபுணரிடம் அது என்ன வகை என்று என் நாத்தனார் மகள் கேட்டாள். ‘சீகல்’ என்றார். அது தெரியும், எந்த சீகல் என்று அவள் மறுபடி கேட்டதற்கு அவர் போனை எடுத்துப் பேசப் போய்விட்டார். மீன் சாப்பாடு என்று சொன்னது வண்டிக்குள் கொடுத்த பிரியாணிப் பொட்டலம், ஆறிப்போனது.

இதுவரை நடந்தது காசு போன கதை மட்டும்தான். இதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

கடலுக்குள் போகவில்லையே என்று எல்லோரும் சத்தம் போட்டதும், டூர்காரர் போனிலேயே இன்னொரு ஏற்பாடு செய்தார். தெற்கே கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கடற்கரை, அங்கே ஒரு ஃபைபர் மீன்பிடிப் படகு. நாங்கள் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. படகில் உட்கார இருக்கை கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, பதிவு எண் எழுதிய இடம் சுரண்டிக் கிடந்தது. எங்களையும் கோத்தகிரிக் குடும்பத்தையும் சேர்த்து ஒரே நடையில் ஏற்றுவதாகத் திட்டம். லைஃப் ஜாக்கெட் மூன்று இருந்தது, மூன்றும் பெரியவர்கள் அளவு. பிள்ளைகளுக்கு என்று கேட்டதற்குப் படகுக்காரர் ‘மடியில் வச்சுக்கோங்க’ என்றார்.

2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மலப்புரம் மாவட்டத்தில் தானூர் தூவல் தீரத்தில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள், அதில் நிறைய பேர் குழந்தைகள். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, இருட்டும் நேரத்தில் எடுத்துப் போனது. அந்த இடம் நாங்கள் நின்ற கரையிலிருந்து அதிக தூரமில்லை. என் வீட்டுக்காரர் இதைச் சொன்னதும் கோத்தகிரி அண்ணனும் தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். ஒருவரும் ஏறவில்லை. நிபுணர் மட்டும் ‘தினமும் போறாங்க, இவ்வளவு பயந்தா எப்படி’ என்று முணுமுணுத்தார்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதிலைக் கேளுங்கள். ‘படகு ரெடியா நின்னுச்சு, நீங்கதான் ஏறலை, அதனால ரீஃபண்ட் கிடையாது.’ உயிருக்குப் பயந்து மறுத்ததையே எங்கள் தலையில் கட்டிவிட்டார்! வேண்டுமானால் அடுத்த டூரில் பத்து சதவீதம் கழித்துக்கொள்ளலாமாம். பில் கேட்டோம், இல்லை. பணம் போன ஜிபே கணக்கு வேறு யாரோ ஒரு பெண் பெயரில். அலுவலக முகவரி என்று போஸ்டரில் இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை. பிறகு எங்கள் எண்களை எல்லாம் பிளாக் செய்துவிட்டார்.

அதனால் இந்த மாதிரி டூருக்குக் கூப்பிட்டால், பணம் அனுப்பும் முன் படகின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேரளத்தில் பயணிகளை ஏற்றும் படகுக்குப் பதிவு வேண்டும், எத்தனை பேர் ஏற்றலாம் என்ற கணக்கும் உண்டு. எண் சொல்லத் தெரியாதவரிடம் படகே இல்லை என்றுதான் அர்த்தம். அன்றைக்கு வேலியிறக்கம், அதாவது தண்ணீர் வடிவது, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், முழித்தால் போனை வைத்துவிடுங்கள். வண்டி நம்பரை முன்கூட்டியே வாங்கி எம்பரிவாஹன் செயலியில் போட்டால் அது டாக்ஸியா, காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ‘ஆழ்கடல் பறவை’ என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம். ஷியர்வாட்டர், ஸ்குவா மாதிரிப் பறவைகளைப் பார்க்கக் கரையிலிருந்து வெகு தூரம் கடலுக்குள் போக வேண்டும், ஒரு மதியத்தில் பிள்ளைகுட்டியோடு போய் வருகிற காரியம் இல்லை.

உண்மையைச் சொன்னால் கடலுண்டிக்கு இடைத்தரகரே தேவையில்லை. முந்தின நாளே இறங்கி கோழிக்கோட்டில் தங்கிவிட்டு, தண்ணீர் வடியும் நேரம் பார்த்துப் போய், உள்ளூர்த் தோணிக்காரரிடம் நேரில் பேசிக்கொள்ளலாம். கடலுண்டிக்கடவு பாலத்தில் நின்றாலே காசில்லாமல் திட்டு தெரியும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்லது. குன்னூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது என்பது போஸ்டரில் மட்டும்தான் முடியும்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தோம். அங்கிருந்து நோட்டீஸ் போயும் பதில் வராததால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், போஸ்டர், ஜிபே ரசீது, வண்டி நம்பர் தெரியும் போட்டோ எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து இணைத்தோம். கோத்தகிரிக் குடும்பமும் தனியாக மனு போட்டிருக்கிறது.

போன வாரம் அதே ஆள் வேறு பெயரில் புது போஸ்டர் விட்டிருக்கிறார். இந்த முறை கோடியக்கரை, பூநாரை, இதுவும் ஒரே நாளில், குன்னூரிலிருந்து! நம்பர் புதிது, பணம் அனுப்பும் கணக்கு மட்டும் அதே பெண் பெயர். ஏற்கெனவே அதற்கு முன்பணம் அனுப்பியவர்கள் இருந்தால் உரையாடலையும் ரசீதையும் அழித்துவிடாமல் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், எங்கள் மனுவின் நகலைத் தருகிறேன், அதைப் பார்த்து உங்களுடையதை எழுதிக்கொள்ளலாம்.