முதலாம் அளவு ஹேண்ட்பால்: ஆறாம் வகுப்பின் கைக்கு ஏற்ற பந்து

உடற்கல்விப் பாடவேளையில், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் விளையாட்டை அறிமுகப்படுத்த எங்கள் பள்ளிக்கு வாங்கிய முதலாம் அளவு (சைஸ் 1) பந்து, 50 முதல் 52 சென்டிமீட்டர் சுற்றளவே கொண்டது என்பதால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளால் அதை ஒரே கையில் பற்றி, தோளுக்கு மேலே உயர்த்தி எறிய முடிகிறது. ஆண்கள் ஆடும் 58 முதல் 60 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள பந்தைக் கொடுத்தால், அதே பிள்ளைகள் இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். பந்தை மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதனுடன் மூன்று காலடிக்கு மேல் நகரக் கூடாது என்ற விதிகளைக் கற்றுத்தரவே வழியில்லாமல் போகிறது. கோலுக்கு முன்னால் வரையப்படும் 6 மீட்டர் கோட்டருகே இருந்து வரும் எறிதலுக்குக் கண்களை இறுக மூடிக்கொண்ட கோல்கீப்பர் சிறுமி, எடை குறைந்த இந்தப் பந்து வந்தபின் கைகளை விரித்து முன்னேறித் தடுக்கிறாள். இதற்காகவே இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

மேற்புறம் சொரசொரப்பாக இருப்பதால் வியர்த்த கையிலும் வழுக்குவதில்லை. ஆனால் மண் தரையில் தொடர்ந்து தட்டியதில் தையல் ஓரம் விரைவிலேயே பிரியத் தொடங்கியது வருத்தத்துக்குரியது. சிமெண்ட் தளம் இல்லாத பள்ளிகள் தையலற்ற ரப்பர் பந்தை வாங்கலாம். குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளுக்கு அணியைத் தயார்செய்யும் ஆசிரியர்கள், அங்கே எந்த அளவுப் பந்து பயன்படுத்தப்படும் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, கடைசி வாரங்களில் அதிலேயே பயிற்சியளிப்பது நல்லது.